ஏசிக்கும் கீசருக்கும் எந்த பிளக்? பவர் பாயின்ட், ஏசி பாக்ஸ், நேரடி இணைப்பு: ஓர் ஒப்பீடு

ஏப்ரல் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். இந்த வருடம் வேளச்சேரியிலிருந்து வந்தது இப்படி: "ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி வாங்கிட்டோம் சார். கடையில 'ரூம்ல பவர் பிளக் இருக்கில்ல, அதுவே போதும்'ன்னாங்க. எலக்ட்ரீஷியன் 'தனி லைன் இழுத்து ஏசி பாக்ஸ் போடணும்'ங்கிறார். ஏசி மாட்ட வந்தவர் 'பிளக்கே வேணாம், டைரக்டா குடுத்துடலாம்'ன்னு சொல்லிட்டு வயரைத் தொங்கவிட்டுப் போயிட்டார். யார் சொல்றதக் கேக்கறது?"

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் பிளக்கைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் சுவருக்குள் இருக்கும் வயரைப் பார்த்தார். மாட்ட வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். சீசனில் அவருக்கு அடுத்த வீடு காத்திருக்கும்.

## முதலில் ஒரு சொல்

"ஹை வோல்ட்டேஜ் பிளக் எது நல்லது?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் வீடுகளில் அப்படி ஒன்று தனியாகக் கிடையாது. செல்போன் சார்ஜர் செருகும் சின்ன சாக்கெட்டிலும் ஏசி ஓடும் பெரிய சாக்கெட்டிலும் இருப்பது ஒரே 230 வோல்ட்தான். ஷாக் அடித்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் அடிக்கும். வித்தியாசம் ஆம்ஸில், அதாவது எவ்வளவு மின்னோட்டத்தைச் சூடாகாமல் தாங்கும் என்பதில்.

"அஞ்சு ஆம்ஸ், பதினஞ்சு ஆம்ஸ்" என்பது பழக்கத்தில் நின்றுவிட்ட பேச்சு. ஐஎஸ் 1293 என்ற இந்தியத் தரத்தில் அவை இப்போது 6, 16. சின்ன பிளக்கின் இரண்டு பின்களும் சுமார் 5 மி.மீ. தடிமன், பெரியதில் 7 மி.மீ. மேலே இருக்கும் எர்த் பின் இரண்டிலும் கொஞ்சம் நீளமாக, குண்டாக இருக்கும். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காக.

இந்த உருண்டைப் பின் பிளக் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன வடிவம். அவர்களே 1947-இல் தட்டைப் பின் 13 ஆம்ஸ் பிளக்குக்குத் தரம் வகுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு மாறிவிட்டார்கள். அந்த பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். நம்முடையதில் இல்லை. ஆக, நம் பிளக்குக்கும் வயருக்கும் ஒரே காவல், மெயின் போர்டில் இருக்கும் எம்சிபிதான், அதாவது அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் தானே அணையும் சுவிட்ச். அந்தக் காவலுக்கு ஒரு கண் தெரியாது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

## உருகின பிளக்

மடிப்பாக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர். 3000 வாட்ஸ், 16 ஆம்ஸ் பிளக், 16 ஆம்ஸ் எம்சிபி. காகிதத்தில் எல்லாம் சரி. ஒரு மார்கழிக் காலையில் குளியலறைக்கு வெளியே பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை. சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டால் தோசைக்கல் போல இருந்தது. பிடுங்க வரவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து, மெயினை இறக்கி, கட்டிங் பிளேயரால் ஆட்டி ஆட்டி இழுத்ததில் பேஸ் பின்னோடு சாக்கெட்டின் பித்தளைத் துண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. பின் கத்தரிப்பூ நிறம். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், வயரின் முப்பது சொச்சம் செம்பு இழைகளில் பாதியை முன்னால் வேலை பார்த்த யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள், துளைக்குள் போகவில்லை என்று. மிச்ச இழைகள் ஸ்க்ரூவுக்கு அடியில் லூசாகக் கிடந்தன.

எம்சிபி ஒரு தடவை கூட ட்ரிப் ஆகவில்லை. ஏன் ஆக வேண்டும்? அது எண்ணுவது ஆம்ஸை மட்டும். 3000-ஐ 230-ஆல் வகுத்தால் 13 ஆம்ஸ், 16-க்குள்தான். ஆனால் லூஸ் கான்டாக்டில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 13 × 13 × 0.1 என்று கிட்டத்தட்ட 17 வாட்ஸ் சூடு, கொண்டைக்கடலை அளவு இடத்தில். சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அதே லைனில் 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 எம்எம் செம்பு வயர் (கடையில் எம்எம் என்பார்கள், கணக்கு சதுர மி.மீ. பரப்பில்) போய்த் திரும்பினால் அதிலும் 50 வாட்ஸ் சூடு உண்டாகிறது. ஆனால் 40 மீட்டருக்குப் பரவிவிடுவதால் யாருக்கும் தெரியாது.

அதனால் பிளக் என்பதை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: அது பிரிக்கக்கூடிய ஒரு ஜாயின்ட். பிரிக்க முடிகிற வசதிக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சூடாக விலை கொடுக்கிறோம். அந்த வசதி தேவைப்படாத இடத்தில் எதற்கு விலை கொடுப்பது?

## எதை வைத்து முடிவு செய்வது

எத்தனை ஆம்ஸ். கருவியின் பின்னால் எழுதியிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுங்கள். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்ஸ். 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்போ தொட்டி வைத்த கீசரோ 8.7. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி முழு மூச்சில் ஓடும்போது ஏறத்தாழ 7, 8. சில இன்ஸ்டன்ட் கீசர்கள் 4500 வாட்ஸ், அது 19.6 ஆம்ஸ், எந்த 16 ஆம்ஸ் பிளக்கிலும் அதற்கு இடமில்லை.

எவ்வளவு நேரம். இதை யாரும் கேட்பதில்லை. 13 ஆம்ஸ் இழுக்கும் கீசர் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். 8 ஆம்ஸ் ஏசி ராத்திரி முழுக்க ஓடும். 14 ஆம்ஸ் கார் சார்ஜர் ஏழெட்டு மணி நேரம் இழுக்கும். சூடு ஏறி நிலைகொள்ள நேரம் வேண்டும். கருவி அந்த நேரத்தைக் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

சுவருக்குள் என்ன, பங்காளி யார். வயர் 2.5 எம்எம்மா, 4 எம்எம்மா? அதே வயரில் வேறு எந்த பாயின்ட் தொங்குகிறது?

எத்தனை தடவை பிடுங்குவீர்கள். இண்டக்ஷன் அடுப்பை தினம் பிடுங்குவோம். ஏசியை வருடத்தில் ஒரு தடவை கூட மாட்டோம்.

அப்புறம் சொந்த வீடா வாடகை வீடா, கடலுக்கு எவ்வளவு பக்கம், மழைத் தண்ணீர் எந்த உயரம் வரை வந்திருக்கிறது என்பதெல்லாம். இவை சில்லறை விஷயங்களாகத் தோன்றும். இந்த ஊரில் பல சமயம் இவைதான் முடிவைத் தீர்மானிக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் இடம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | வேண்டாம் என்பது எப்போது |
|---|---|---|---|
| 6 ஆம்ஸ் சாக்கெட்டில் கன்வெர்ஷன் பிளக் | சின்ன சுமை, சில நிமிடம் | உருகும் சாக்கெட் | சூடேற்றும் எந்தக் கருவிக்கும் |
| ஏற்கெனவே இருக்கும் 16 ஆம்ஸ் பாயின்ட் | இண்டக்ஷன், ஓவன், வாஷிங் மெஷின் | ஒரே லைனில் பங்காளிகள் | ஏசி, கார் |
| தனி லைனில் 16 ஆம்ஸ் சாக்கெட் | 3000 வாட்ஸ் வரை கீசர், அடிக்கடி பிடுங்குபவை | சுவர் வெட்டு, பூச்சு, பெயின்ட் | பல மணி நேர முழுச் சுமைக்கு |
| ஏசி பாக்ஸ் | ஏசி, குறிப்பாக வாடகை வீட்டில் | ஜோடி பிளக் மாற்று கிடைப்பது | தண்ணீர் தெறிக்கும் இடம் |
| நேரடி இணைப்பு, இருமுனை சுவிட்சோடு | சொந்த வீட்டுக் கீசர், ஏசி | சர்வீஸுக்கும் எலக்ட்ரீஷியன் | அடிக்கடி இடம் மாறுபவர்களுக்கு |
| நீல இண்டஸ்ட்ரியல் சாக்கெட் | மின்சாரக் கார், பார்க்கிங் | சார்ஜரின் பிளக் மாற்றம், குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி | வீட்டுக்குள் |

## 6 ஆம்ஸ் சாக்கெட்டும் கன்வெர்ஷன் பிளக்கும்

பெரிய பிளக்கை வாங்கிக்கொண்டு பின்னால் சின்னப் பின்களை நீட்டும் அந்தக் குட்டிச் சாதனம் எல்லா வீட்டு டிராயரிலும் ஒன்று கிடக்கும். 6 ஆம்ஸை 230-ஆல் பெருக்கினால் 1380 வாட்ஸ். அதற்கு மேல் அந்த சாக்கெட்டில் எதுவும் வைக்கக்கூடாது. பெரிய பிளக்கோடு ஒரு கருவி வந்திருக்கிறது என்றால், சின்னதில் வைக்காதே என்று கம்பெனி சொல்லியிருக்கிறது என்று பொருள். டிராயரிலேயே இருக்கட்டும்.

## ஏற்கெனவே இருக்கும் 16 ஆம்ஸ் பாயின்ட்

செலவில்லாத வழி. சரியாகவும் இருக்கலாம். ஆனால் பழைய அபார்ட்மென்ட்களில் பில்டர் மிச்சம் பிடித்தது இங்கேதான். சமையலறையில் ஒரு பவர் பாயின்ட், அங்கிருந்தே லூப் எடுத்துக் குளியலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று. எல்லாம் ஒரே 2.5 எம்எம் வயரில், ஒரே எம்சிபியில்.

காலை ஆறரை மணியை யோசியுங்கள். கீசர் 13 ஆம்ஸ், இண்டக்ஷன் 8.7, கூட்டினால் 21.7. எம்சிபி 20 ஆம்ஸ் என்றால் ட்ரிப் ஆகும் என்றுதானே நினைப்போம்? ஆகாது. எம்சிபியின் தரமே அப்படி: குறித்த அளவைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் ட்ரிப் ஆகாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆக வேண்டும். 20-க்கு 1.13 மடங்கு 22.6. உங்கள் 21.7 அதற்குள் வந்துவிடுகிறது. மே மாத வெயில் வாங்கிய சுவருக்குள், நாலைந்து வயரோடு ஒரே பைப்பில் நெருக்கிக்கொண்டு கிடக்கும் 2.5 எம்எம் வயருக்கு அது சுகமான நிலைமை கிடையாது. "இத்தனை வருஷமா ட்ரிப்பே ஆனதில்ல" என்பது நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நானும்.

பங்காளி யார் என்று கண்டுபிடிக்க சுலபமான வழி உண்டு. மெயின் போர்டில் எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கி, வீட்டில் எந்தெந்த பாயின்ட் செத்துப்போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேர வேலை. தாளை போர்டின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்த பிறகும் எந்த பாயின்ட் உயிரோடு இருக்கிறது என்றும் பாருங்கள். அந்த லைனில் பெரிய சுமை எதுவும் இருக்கக்கூடாது.

அந்த பாயின்ட் தனியாக இருந்தால், சாக்கெட் இறுக்கமாகப் பிடித்தால், இண்டக்ஷனுக்கும் மைக்ரோவேவுக்கும் தாராளமாகப் போதும். 6, 16 இரண்டு பிளக்கும் நுழையும் கூட்டு சாக்கெட்டாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பெரிய பின் போய் வந்து போய் வந்து அகன்ற பிறகு, சின்னப் பின் அதில் தள்ளாடும். ஒன்றை ஒன்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

## தனி லைன், 16 ஆம்ஸ் சாக்கெட்

மெயின் போர்டிலிருந்து ஒரு பாயின்டுக்கு மட்டும் தனி வயர், தனி எம்சிபி. கீசருக்கும் ஹீட்டர் வைத்த வாஷிங் மெஷினுக்கும் என் முதல் தேர்வு இதுதான். பொருள் வாங்கப் போகும்போது சாக்கெட்டைப் பற்றி அரை மணி நேரம் யோசித்து வயரை அரை நிமிடத்தில் வாங்கிவிடுகிறோம். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். சாக்கெட்டைப் பத்து வருடம் கழித்து ஸ்க்ரூ டிரைவரோடு மாற்றிவிடலாம். வயருக்குச் சுவரை உடைக்க வேண்டும்.

16 ஆம்ஸ் சுமைக்கு 2.5 எம்எம் போதும் என்று கணக்குச் சொல்லும். தூரம் அதிகம் என்றால், சூடான மொட்டைமாடிச் சுவர் வழியாகப் போகிறது என்றால், நாளைக்கு அங்கே ஏசி வரலாம் என்றால், 4 எம்எம் போடுங்கள். வயர் சுருளில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். எர்த்துக்குப் பச்சை வயர், நியூட்ரலுக்குக் கறுப்பு. கையிருப்பில் என்ன நிறம் இருக்கிறதோ அதை இழுத்துவிட்டுப் போக விடாதீர்கள். பத்து வருடம் கழித்து அந்த போர்டைத் திறப்பவரின் உயிர் அந்த நிறத்தை நம்பித்தான் இருக்கும்.

மறைவான செலவு, சுவர். வெட்டுபவர் எலக்ட்ரீஷியன், பூசுபவர் கொத்தனார், பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பவர் மூன்றாவது ஆள். சாக்கெட்டின் விலையைப் போல இது பல மடங்கு. வாடகை வீட்டில் சுவருக்கு வெளியே வெள்ளை பிவிசி கேசிங் ஓட்டினால் இதெல்லாம் இல்லை. கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. பழைய மைலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகள் சிலவற்றில் எர்த் என்று தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். அப்போது அது இரும்புக் குழாய். பின்னால் பிளம்பர் வந்து பிளாஸ்டிக் குழாய் மாற்றிவிட்டுப் போனதும், ஒருவருக்கும் தெரியாமல் வீட்டின் எர்த் போயிருக்கும். மூன்று பின் பிளக், மூன்று துளை சாக்கெட், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. புது லைன் இழுக்கும்போது எர்த்தைச் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

## ஏசி பாக்ஸ்

மெட்டல் அல்லது கெட்டி பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே 20 அல்லது 25 ஆம்ஸ் சாக்கெட், பக்கத்தில் ஒரு எம்சிபி, அதற்கே உரிய குண்டு பிளக். கான்டாக்ட் பெரியது, பிடிப்பு இறுக்கம், சுவிட்ச் வேலையை எம்சிபியே செய்யும். ஏசிக்கு சி வகை எம்சிபி கேளுங்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இழுக்கும் கூடுதல் மின்னோட்டத்துக்கு பி வகை சில சமயம் பதறிவிடும்; பி வகை குறித்த ஆம்ஸைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே ட்ரிப் ஆகும், சி வகை 5 முதல் 10 மடங்கில். மெதுவாக வேகமெடுக்கும் இன்வெர்ட்டர் ஏசிகளில் இந்தத் தொல்லை குறைவு.

பலர் ஏமாறும் இடம் ஒன்று. பாக்ஸுக்குள் எம்சிபி இருக்கிறதே என்று, பழைய பாயின்டின் 2.5 எம்எம் வயரிலேயே பாக்ஸை மாட்டிவிடுவார்கள். பாக்ஸின் எம்சிபி காப்பது தனக்குப் பின்னால் வருகிற ஏசியை. மெயின் போர்டிலிருந்து பாக்ஸ் வரை சுவருக்குள் வருகிற வயருக்கு மெயின் போர்டில்தான் பொருத்தமான எம்சிபி இருக்க வேண்டும். புது லைன் இல்லாமல் பாக்ஸ் மட்டும் போடுவது, வாசலுக்குப் புதுக் கதவு போட்டுவிட்டுக் கொல்லையைத் திறந்து வைப்பது போல.

குறை என்றால், அந்த பிளக் அந்தக் கம்பெனி சாக்கெட்டோடுதான் சேரும். உடைந்தால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்புறம் பல்லி. வயர் நுழையும் துளையை அடைக்காமல் விட்டால் பெட்டிக்குள் கதகதப்பாகக் குடியேறி, ஒரு நாள் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே படுத்துவிடும். சிரிப்பாகத் தோன்றும். நடு ராத்திரி ஏசி நின்று, டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

## பிளக்கே இல்லாத நேரடி இணைப்பு

ஏசி மாட்ட வந்தவர் சொன்னது அடிப்படையில் தவறில்லை. ஒரு ஜாயின்ட் குறைந்தால் சூடாகும் இடம் ஒன்று குறைகிறது. 4500 வாட்ஸ் கீசருக்கு எனக்குத் தெரிந்து வீட்டில் ஒழுங்கான வழி இதுதான்: 4 எம்எம் தனி லைன், 25 ஆம்ஸ் எம்சிபி, குளியலறைக்கு வெளியே 32 ஆம்ஸ் இருமுனை சுவிட்ச், அங்கிருந்து வயர் நேரே கீசருக்குள்.

இருமுனை என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். பிளக் இருந்தால் பிடுங்கிவிட்டுக் கருவியைத் திறக்கலாம். இங்கே பிடுங்க ஒன்றுமில்லை, சுவிட்சே பிளக்கின் வேலையையும் செய்ய வேண்டும். எங்கோ பேஸும் நியூட்ரலும் மாறிப் போயிருந்தால், ஒருமுனை சுவிட்சை அணைத்த பிறகும் கருவிக்குள் உயிர் இருக்கும்.

"டைரக்டா" என்று சொல்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் இது இல்லை. இரண்டு வயரையும் முறுக்கி, டேப் சுற்றி, பெட்டிக்குள் திணிப்பது. அந்த முறுக்கு, என் உருகின பிளக்கைவிட மோசம். அதைப் பார்க்கக்கூட முடியாது. இணைப்பு ஸ்க்ரூ டெர்மினலில் இருக்க வேண்டும், எல்லா இழைகளும் உள்ளே போக வேண்டும், இழுத்தால் வரக்கூடாது. நின்று பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சர்வீஸுக்கு வருகிறவர் கழற்றி மாட்ட நேரம் எடுக்கும், வீடு மாறினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். சொந்த வீட்டில் இதெல்லாம் பொருட்டில்லை.

## நீல சாக்கெட்

கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள்: நீல நிறம், மூடி போட்டது, வட்டமாக மூன்று குண்டுப் பின். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்ஸுக்கு மேல் இழுக்கும், அதுவும் ராத்திரி முழுக்க. மாடுலர் 16 ஆம்ஸ் சாக்கெட் பிறந்தது இதற்காக இல்லை. காரோடு வரும் சார்ஜரில் பெரும்பாலும் நம் 16 ஆம்ஸ் பிளக்தான் இருக்கும். அதை வெட்டி நீல பிளக் போட்டால் வாரன்டி என்ன ஆகும் என்று காரை விற்றவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெட்டக்கூடாது என்றால் தனி லைனில் கனமான மெட்டல் 16 ஆம்ஸ் சாக்கெட் போட்டு, முதல் வாரம் ஒவ்வொரு காலையும் பிளக் எவ்வளவு சூடு என்று பாருங்கள். 7 கிலோவாட்டுக்கு மேல் போகும் சுவர் சார்ஜர் 32 ஆம்ஸ். அதற்கு பிளக் பேச்சே இல்லை, ஈபி பில்லில் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு என்று பார்ப்பதில் தொடங்க வேண்டும். மின்சார ஸ்கூட்டர் சார்ஜர்களில் பல 6 ஆம்ஸிலேயே அடங்கிவிடும்.

## உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், வெள்ளம்

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் கடற்காற்று பித்தளையைப் பச்சை பூக்க வைக்கும். பச்சை பூத்த கான்டாக்டும் லூஸ் கான்டாக்டும் சூட்டில் அண்ணன் தம்பி. அங்கே பால்கனியில் சாக்கெட் வைப்பதைவிட நேரடி இணைப்போ மூடி போட்ட சாக்கெட்டோ மேல்.

போர் தண்ணீர் ஓடும் கீசரில் உப்புப் படிந்து ஹீட்டிங் காயிலின் உறை அரித்துப்போகும். அப்போது மின்சாரம் தண்ணீருக்குக் கசியும். அதைப் பிடிப்பது எம்சிபி கிடையாது, கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ஸ் ஆர்சிசிபி. கீசர் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது என்று புகார் சொன்னால், காயிலை மாற்றாமல் ஆர்சிசிபியைத் தாண்டி வயர் கொடுத்துவிட்டுப் போனவரை எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. பிளக்கில் ஆயிரம் செலவு செய்து ஆர்சிசிபி இல்லாமல் இருப்பதைவிட, சாதாரண பிளக்கும் நல்ல ஆர்சிசிபியும் இருக்கும் வீட்டில் நான் நிம்மதியாகக் குளிப்பேன்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் தரைத்தளக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சுவரில் தண்ணீர் போட்ட கோடு எங்கே என்று அவர்களுக்கே தெரியும். பாயின்ட் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும், பார்க்கிங்கில் உள்ள கார் சாக்கெட்டும்தான். மூழ்கி எழுந்த சாக்கெட்டைக் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள், மாற்றுங்கள். சேறு காய்ந்தாலும் உள்ளே உப்பு இருக்கும்.

## வெளிநாட்டிலிருந்து வந்த பிளக்

சிங்கப்பூர், துபாயிலிருந்து வந்த கருவி என்றால் சிக்கல் சின்னது. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். தட்டைப் பின் பிளக் மட்டும் வேறு. பர்மா பஜாரில் வாங்கிய அடாப்டரில் அயர்ன் பாக்ஸை ஓட்டாமல், பிளக்கை மாற்றிவிடுங்கள்: 1380 வாட்ஸுக்குள் என்றால் 6 ஆம்ஸ், மேலே என்றால் 16. வெட்டிப் போடும் பிளக்கோடு அந்த 13 ஆம்ஸ் ஃபியூஸும் போய்விடுகிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அமெரிக்காவிலிருந்து திரும்புகிறவர்கள் கப்பலில் ஏற்றும் முன் யோசிக்க வேண்டும். அங்கே சாதாரண சாக்கெட் 120 வோல்ட். துணி உலர்த்தி, ஓவன் போன்றவற்றுக்கு மட்டும் இரண்டு 120-ஐச் சேர்த்து 240. "ஹை வோல்ட்டேஜ் அவுட்லெட்" என்ற பேச்சே அங்கிருந்து வருவதுதான். அந்த 240 நம் 230-க்குப் பக்கம்தானே என்று, திரும்பி வருகிறவர்கள் பிளக்கை மட்டும் மாற்ற நினைப்பார்கள். அந்த உலர்த்திக்குள் ஹீட்டர் 240-இல் ஓடும், மோட்டார் பெரும்பாலும் 120-இல் ஓடும், எல்லாம் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. இந்த ஊர் வெயிலுக்கு உலர்த்தி எதற்கு என்பது வேறு கேள்வி.

## வேளச்சேரிக்காரருக்குச் சொன்னது

வாடகை வீடு, மூன்றாவது மாடி. எம்சிபியை இறக்கிப் பார்க்கச் சொன்னேன்; படுக்கையறை பவர் பாயின்டோடு சமையலறையும் சேர்ந்தே அணைந்தது. அதனால் கடைக்காரர் வழி இல்லை. இரண்டு வருடத்தில் வீடு மாறலாம் என்றார். அதனால் நேரடி இணைப்பும் இல்லை. மெயின் போர்டிலிருந்து வெள்ளைக் கேசிங்கில் 4 எம்எம் தனி லைன், 20 ஆம்ஸ் சி வகை எம்சிபி, முனையில் ஏசி பாக்ஸ். வேலைக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்றிதழ் இருக்கிற ஆளைப் பிடிக்கச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து மெயினை இறக்கிவிட்டு எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவை இறுக்கித் தரும்படி அப்போதே பேசிக்கொள்ளவும் சொன்னேன். புது செம்பு கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.

அரை நாள் வேலை. வீட்டுக்காரம்மா வந்து பார்த்து, "அடுத்த குடித்தனத்துக்கும் ஆகும்" என்று பாதிச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். தொங்கிக்கொண்டிருந்த வயரில் பாக்ஸின் பிளக்கை மாட்டிக் கொடுத்தவர், முதலில் "டைரக்டா குடுத்துடலாம்" என்ற அதே ஆள்தான்.